மீன் கருவின் உறுப்பாக்கமும் வேளாண் நஞ்சுகளும்

வயலில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி ஆகியவை மழைநீரோடு வடிந்து ஏரி குளங்களைச் சேர்கின்றன. அங்கே முட்டைக்குள் வளரும் மீன் கருவின் இதயம், முதுகெலும்பு, தாடை, நரம்பு முதலியவை உருவாவதை இவை சிதைப்பதுண்டு. வளர்ந்த மீன் செத்து மிதந்தால் ஊரே பார்க்கும். உருக்குலைந்து பொரிந்த குஞ்சோ யார் கண்ணிலும் படாமல் தட்டான் புழுவுக்கு இரையாகிவிடும். இந்தப் பாதிப்பு நெடுங்காலம் கவனிக்கப்படாமல் போனதற்கு இதுவே முதற்காரணம்.

கடலூர் மாவட்டத்தில் வடக்குத்தைச் சூழ்ந்த வட்டாரத்தில் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரும் வயல் வடிகாலும் வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி என ஒரே வழியில் செல்கின்றன. சம்பாப் பயிருக்கு மருந்தடிக்கும் மழைக்காலத்திலேதான் நாட்டு மீன்கள் புதுநீர் கண்டு சினை விடுகின்றன. விரால், கரையோரப் பூண்டுகளை விலக்கி இடம் செய்து மிதக்கும் மஞ்சள் முட்டைகளை இடும். அவை ஓரிரு நாளில் பொரிந்துவிடும். பெற்றோர் காவல் நின்றாலும், முட்டை மிதப்பது வயல்நீர் முதலில் வந்து சேரும் ஓரத்தில்தான்.

ஆய்வு வரலாறு

இத்துறையின் அறிவு பெரும்பாலும் ஜீப்ரா மீன் என்னும் சிறு மீனிலிருந்து வந்தது. அது நம் துணைக்கண்டத்து மீன். 1800இல் சென்னையிலிருந்து மைசூர், மலபார் நாடுகளுக்குப் பயணம் செய்து நூல் எழுதிய பிரான்சிஸ் புக்கானன்தான், பின்னர் ஹாமில்டன் என்ற பெயரில் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் (1822) இதை முதன்முதலாக விவரித்தார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை ஆய்வக உயிரியாக்கினார்; அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1981இல் வந்தது. கருவின் வளர்நிலைகளைக் கிம்மல் குழுவினர் 1995இல் வரையறுத்தனர். கரு கண்ணாடி போலத் தெளிவானது. 28.5 பாகை செல்சியசில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குவதையும், 48 முதல் 72 மணிக்குள் குஞ்சு பொரிவதையும் நுண்ணோக்கியில் நேரே காணலாம்.

ஜீப்ரா மீன் ஆய்வுகளுக்கும் முன்பே, நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி படிந்த ட்ரௌட் மீன் முட்டைகள் பொரிந்தும், கருவுணவு தீரும் கட்டத்தில் குஞ்சுகள் மடிந்ததை பர்டிக் குழுவினர் 1964இல் எடுத்துக்காட்டினர். தாய் உடலில் சேர்ந்த நஞ்சு முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

உறுப்புகள்

நஞ்சின் வகையைப் பொறுத்துச் சிதையும் உறுப்பும் மாறும். நிலக்கடலை விதைநேர்த்திக்குப் பயன்படும் திராம் போன்ற டைதயோகார்பமேட்டுகள் தாமிரத்தைப் பற்றிக்கொள்கின்றன. முதுகெலும்புக்கு அடிப்படையாகும் முதுகுநாணின் உறையை இறுக்கும் நொதிக்குத் தாமிரம் தேவை. அது கிடைக்காதபோது, நேராக இருக்கவேண்டிய முதுகுநாண் பாம்பு போல நெளிந்துவிடும். இந்தக் குஞ்சு நேராக நீந்தாது. கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லி இதயத் துடிப்பைக் குறைத்து, இதயத்தைச் சுற்றி நீர் கோக்கச் செய்கிறது. இலையுறை அழுகலுக்கு அடிக்கும் டிரையசோல் பூஞ்சைக்கொல்லிகள் தாடைக் குருத்தெலும்பைக் கோணலாக்குகின்றன. குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி, நரம்புச் செயலுக்குத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும். முட்டை கருவுற்ற பின் முதல் ஐந்து நாளில் மட்டும் இந்த நஞ்சுக்கு ஆட்பட்ட ஜீப்ரா மீன்கள் வளர்ந்த பிறகும் கற்றலில் பின்தங்கியதை டியூக் பல்கலைக்கழக ஆய்வு 2003இல் காட்டியது. வெளியே பார்த்தால் அவற்றின் உடலில் குறை தெரிவதில்லை.

முட்டையுறை நஞ்சைத் தடுத்துவிடும் என்ற பழைய கருத்து ஏற்கத்தக்கதன்று. பெரிய மூலக்கூறுகளை ஓரளவு தடுத்தாலும், பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவை உள்ளே புகும் அளவுக்குச் சிறியவை.

இன்றைய நிலை

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2013இல் 96 மணி நேரக் கருச் சோதனையை வகுத்தது. ஆனால் அது கரு சாவதை அளக்கிறதே தவிர, கோணலான தாடையை அளப்பதில்லை. சோதனை இப்படியிருக்க, இந்தியாவில் சில பூச்சிக்கொல்லிகள் தடைசெய்யப்பட்டுள்ளன: எண்டோசல்பான் 2011இலும், போரேட், ட்ரையசோபாஸ் ஆகியவை 2020 முடிவிலும் தடைபெற்றன.