வெள்ளெழுத்தும் வில்லையளவும்: கொச்சித் துறையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ் அச்சு வரலாறு குறித்து ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. எழுத்தை வார்த்தவர், நூலை அச்சிட்டவர், அதற்குப் பொருளுதவி செய்தவர் ஆகியோர் பற்றி அவை விரிவாகப் பேசுகின்றன. ஆயின் அந்நூலைப் படித்த கண்ணைப் பற்றிய செய்திகள் அருகியே காணப்படுகின்றன. நாற்பது வயதைக் கடந்தோர்க்கு அண்மைப் பார்வை தளர்வது இயற்கை. அத்தளர்ச்சியை ஈடுசெய்யும் வில்லை இல்லையேல், கற்றவர் ஒருவரின் படிப்பு அவரது முதிர்ச்சிக் காலத்திலேயே முடங்கிவிடும். எனவே மூக்குக் கண்ணாடியின் வரலாறு வாசிப்பு வரலாற்றின் ஒரு கூறாகும். அக்கண்ணாடியின் வில்லை குறித்த வலிமையுடையதுதானா என அளந்தறியும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதியைத் தொடக்கமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சுக்கூடமும் அங்காடியும்

தமிழில் அச்சான இரண்டாவது நூல் என அறியப்படும் 'கிரீசித்தியானி வணக்கம்' 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அச்சிடப்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1578 அக்டோபர் 20இல், 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது. இரண்டையும் தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என வழங்கப்பெறும் என்றிக்கே என்றீக்கசு ஆவார். 1520இல் பிறந்த அவர் கொச்சி நூல் வெளிவந்தபொழுது ஏறத்தாழ அறுபது வயதை எட்டியிருந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

போர்ச்சுகீசியர் கோட்டை கட்டி வாழ்ந்த நகரத்தை அடுத்தே மட்டாஞ்சேரி அமைந்துள்ளது. 1555இல் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசர்க்கு அளித்த அரண்மனை இன்றும் அங்கு நிற்கிறது. மலையாளம், தமிழ், கொங்கணி, குசராத்தி எனப் பல மொழியினர் கூடி வாழும் வணிகக்களம் அது. ஒருபுறம் அச்சு நூலும் மறுபுறம் மிளகு நிறுக்கும் துலாக்கோலும் அருகருகே இருந்த இடம் என இதனைக் கூறலாம். படிக்கும் எழுத்தும் அளக்கும் கோலும் அடுத்தடுத்து நின்ற இச்சூழலே இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகிறது.

சொற்கள் தரும் சான்று

தமிழில் 'கண்ணாடி' என்பது முதலில் முகம் பார்க்கும் ஆடியைக் குறித்தது. பார்வைக்கு உதவும் கருவி வந்தபின் அதனை வேறுபடுத்தற்கு 'மூக்குக் கண்ணாடி' என்னும் தொடர் வழங்கலாயிற்று. மலையாளம் இதனைக் 'கண்ணட' என்கிறது. தமிழ்ப் பெயர் கருவி தங்கும் உறுப்பையும் மலையாளப் பெயர் அது காக்கும் உறுப்பையும் முதன்மையாகக் கொண்டன.

நோயின் பெயர்கள் இன்னும் நுட்பமானவை. முதுமையில் அண்மைப் பார்வை தளர்வதைத் தமிழும் மலையாளமும் 'வெள்ளெழுத்து' என்றே குறிக்கின்றன. கண்ணில் நேரும் மாற்றத்தை எழுத்தின்மேல் ஏற்றிக் கூறும் சொல் இது. எழுத்து வெளுத்துத் தோன்றும் பட்டறிவே பெயராயிற்று. வாசிப்பு வழக்கம் வேரூன்றிய ஒரு சமூகமே இவ்வாறு பெயரிட இயலும். இதற்கு வழங்கும் மற்றொரு சொல் 'சாளேசரம்'. நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் 'சாலீசு' என்ற வடபுலச் சொல்லொடு இது தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. முதற்சொல் நோயின் தன்மையைக் கூற, இரண்டாவது சொல் அது வரும் வயதைக் கூறுகிறது. வில்லையை அளக்கும் முறையும் தொடக்கத்தில் வயதையே அளவாகக் கொண்டிருந்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

தென்னாட்டில் மூக்குக் கண்ணாடி

தென்னாட்டில் மூக்குக் கண்ணாடி பற்றிய பழைய குறிப்பு விசயநகரம் சார்ந்தது. கிருட்டிணதேவராயர் காலத்து வியாசதீர்த்தரின் வரலாற்றைக் கூறும் 'வியாசயோகி சரிதம்' என்னும் வடமொழி நூலில், அவர் கண்ணாடி அணிந்து சுவடி படித்த செய்தி இடம்பெறுகிறது. இதனைப் புனே ஆய்வறிஞர் பி.கே.கோடே 1520ஐ ஒட்டிய காலத்ததாகக் கொண்டு, போர்ச்சுகீசியர் வழியாக அக்கண்ணாடி வந்திருக்கலாம் எனக் கருதினார். 1971இல் ரிசிகுமார் அகர்வால் இக்கருத்திலிருந்து மாறுபட்டு, இந்தியாவிலேயே அது தோன்றியிருத்தல் கூடும் என வாதிட்டார்.

இவ்விவாதத்தில் தமிழகம் தரும் சான்று வல்லம் ஆகும். தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக்கல் 'வல்லத்துக் கல்' எனப் பெயர்பெற்று, மூக்குக் கண்ணாடி செய்யப் பயன்பட்டது. பளிங்கின் ஒளிபுகு தன்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தில் 706ஆம் குறள் பளிங்கை உவமையாக ஆள்வது இதனை உணர்த்தும். எனினும் பளிங்கை அறிந்திருந்தமை வேறு. அதனைக் கண்ணுக்கேற்ற வளைவில் இழைத்தமை வேறு. முன்னதைக் கொண்டு பின்னதன் பழமையை நிறுவுதல் பொருந்தாது.

கல்லா, கண்ணாடியா?

படிகக்கல் வில்லை விலை மிக்கது. எளிதில் கீறல் விழாதது. எனவே சாதாரணக் கண்ணாடியைக் கல் என விற்கும் ஏமாற்றுக்கு இடமிருந்தது. ஆகவே வில்லையைச் சோதித்தறிதல் வலிமையைப் பற்றியதாக மட்டுமன்றிப் பொருளைப் பற்றியதாகவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடி வணிகர் இரண்டு தூர்மலின் தகடுகளைக் குறுக்காக வைத்து இதனைச் சோதித்தனர். அந்நிலையில் தகடுகளின் வழியே ஒளி புகாது. இடையில் சாதாரணக் கண்ணாடி வில்லையை வைத்தால் இருள் மாறாது. படிகக்கல்லை வைத்தால் ஒளி தோன்றும். கல்லைச் சரியான அச்சுக்குக் குறுக்காக வெட்டியிருப்பின் வண்ண வளையங்கள் தெரியும். பிற திசையில் வெட்டிய கல் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இயல்புடையதாதலால், இச்சோதனை கல்லின் உண்மையை மட்டுமன்றி வெட்டியவரின் திறனையும் காட்டியது.

வயதிலிருந்து அங்குலத்துக்கு

வில்லையின் வலிமைக்கு எண் தரும் முயற்சியில் குறிப்பிடத்தக்கது, பெனித்தோ தாசா தெ வால்தேசு 1623இல் செவில்லா நகரில் வெளியிட்ட நூலாகும். வில்லைகளைப் படிநிலைகளாகப் பகுத்து, வயதுக்கேற்ற படியை அவர் அட்டவணைப்படுத்தினார். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் இசுபெயினும் ஒரே முடியின்கீழ் இருந்தன. எனவே அந்நூல் வெளிவந்த காலத்தில் கொச்சிக் கோட்டையும் அம்முடிக்கே உட்பட்டிருந்தது. 'சாளேசரம்' என்ற சொல்லில் உள்ள வயதளவும் இவ்வட்டவணையின் வயதளவும் ஒரே எண்ணத்தின் இரு வெளிப்பாடுகள் எனலாம்.

பின்னர்க் குவியத்தூரத்தை அங்குலத்தால் குறிக்கும் முறை பரவியது. ஞாயிற்றின் ஒளியை வில்லை எத்தனை அங்குலத் தொலைவில் குவிக்கிறதோ அதுவே அதன் எண். இம்முறையில் பெருங்குறை ஒன்று இருந்தது. அங்குலம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆங்கில அங்குலம் 25.4 மி.மீ.; பாரிசு அங்குலம் ஏறத்தாழ 27.07 மி.மீ. ஆகவே 10ஆம் எண் வில்லை என்பது ஆங்கில அளவில் இன்றைய 3.94 டயாப்டராகவும் பாரிசு அளவில் 3.69 டயாப்டராகவும் அமையும். வேறுபாடு கால் டயாப்டர் அளவினது. 4ஆம் எண் வில்லையிலோ இவ்வேறுபாடு 0.6 டயாப்டரைத் தொடும்.

மிளகு வணிகத்திலும் இதே சிக்கல் இருந்தது. கண்டி என்னும் நிறை சென்னையில் 500 பவுண்டு, பம்பாயில் 560 பவுண்டு. பெயர் ஒன்றாயிருக்க அளவு வேறானது. வணிகர் தம் துலாக்கோலைக் கொண்டு மறுநிறை பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி வாங்கியவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. குறையுடைய கண்ணே அங்கு அளவுகோலாகவும் இருக்க வேண்டியிருந்தது.

டயாப்டரும் சீட்டும்

மருத்துவ வழி அமைந்த கண் சோதனைக்குத் தமிழகத்தில் 1819 முக்கியமான ஆண்டாகும். அவ்வாண்டில் இராபர்ட் ரிச்சர்ட்சன் பொறுப்பில் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. எழும்பூரில் இன்று இயங்கும் அரசு கண் மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. உலகளவில் 1862இல் சுநெல்லனின் எழுத்துப் பலகையும் 1864இல் தோண்டர்சின் ஒளிவிலகல் பற்றிய பெருநூலும் வந்தன. வயது பார்த்து வில்லை தரும் வழக்கம் மாறி, கண்ணைச் சோதித்துச் சீட்டெழுதும் முறை உறுதிபெற்றது. 1872இல் மோனுவாயே 'டயாப்டர்' என்னும் அலகை முன்மொழிந்தார். 1875இல் பிரசல்சு மாநாடு அதனை ஏற்றது. மீட்டரில் அளந்த குவியத்தூரத்தின் தலைகீழ் எண்ணே டயாப்டர். இதனால் பின்னக் கணக்கு நீங்கி, வில்லைகளைக் கூட்டவும் கழிக்கவும் எளிதாயிற்று.

இக்கூட்டல் எளிமையிலிருந்தே சமன்செய்து அறியும் முறை செழித்தது. சோதிக்க வேண்டிய வில்லையின் வழியே குறுக்குக் கோடு ஒன்றைப் பார்த்தவாறு வில்லையை மெல்ல அசைக்க வேண்டும். குழிவில்லையாயின் கோடு உடன் நகரும். குவிவில்லையாயின் எதிர்த்திசையில் நகரும். வலிமை அறிந்த எதிர்வகை வில்லைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துவர, ஒரு நிலையில் அசைவு நின்றுவிடும். +2.50 வில்லையை நிறுத்துவது -2.50 வில்லையே. அசைவு நிற்கும் இந்நிலை துலாக்கோலின் முள் நடுநிற்பதை ஒத்தது. ஒரு தட்டில் பொருளும் மறுதட்டில் எடைக்கல்லும் வைத்துச் சமன் காணும் மட்டாஞ்சேரி அங்காடியின் அறிவும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

இம்முறைக்கும் எல்லையுண்டு. தடித்த, வலிமை மிக்க வில்லைகளில் இரண்டும் சரியாகப் பொருந்தாமையால் பிழை நேரும். மூன்று முனைகளை வில்லையின் பரப்பில் ஊன்றி வளைவை அளக்கும் கடிகை வடிவக் கருவி, 1.53 என்ற ஒளிவிலகல் எண்ணுக்கு அமைக்கப்பட்டது. 1.498 எண்ணுடைய நெகிழி வில்லையில் அது 6.00 எனக் காட்டினால் உண்மை 5.64 மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த குவியமானி, வில்லையின் பின்முனை வலிமையை நேரே காட்டி இக்குறைகளை நீக்கியது. இன்றைய தரவரையறைகள் குறைந்த வலிமை வில்லைகளுக்கு ஏறத்தாழ 0.12 டயாப்டர் வேறுபாட்டையே ஏற்கின்றன. அங்குல எண்ணின் காலத்தில் பெயர்க் குழப்பத்தால் மட்டும் நேர்ந்த பிழை இதனினும் இருமடங்கு என்பது எண்ணத்தக்கது.

வலிமை சரியாக இருந்தாலும் வில்லையின் மையம் கண்மணிக்கு நேராக இல்லையேல் பயனில்லை. 1890இல் பிரெண்டிசு வகுத்த விதிப்படி, விலகலைச் செண்டிமீட்டரில் கொண்டு வலிமையால் பெருக்கினால் பட்டக விளைவு கிடைக்கும். 4 டயாப்டர் வில்லை 5 மி.மீ. விலகினால் 2 பட்டக டயாப்டர் தோன்றும். படிப்பவர் தலைவலியை முதுமையின் குறை எனப் பொறுத்துக்கொள்ள, காரணம் சட்டகத்தில் இருக்கக்கூடும்.

முடிவுரை

வில்லையளவின் வரலாறு வயது, அங்குலம், டயாப்டர் என்னும் மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளமை இதுகாறும் கண்டவற்றால் புலனாகிறது. முதல் நிலையின் சுவட்டைச் 'சாளேசரம்' என்ற சொல் இன்றும் காத்துவருகிறது. வல்லத்துக் கல் தமிழகத்துக் கைத்திறனுக்குச் சான்றாகிறது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுமைக்கும் மெட்ரிக் அளவை வந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் அதனைப் புதுப்பித்தது. கண்டியின் குழப்பம் தீர்ந்தது. அங்காடித் துலாக்கோலை அரசு அலுவலர் சோதித்து முத்திரையிடுகின்றார். வில்லையைச் சரிபார்க்கும் கடமையோ சீட்டெழுதியவர், கண்ணாடி செய்தவர் ஆகியோரின் நேர்மையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. மிளகைவிடக் கண் அருமையுடையது. பெற்ற கண்ணாடியைச் சீட்டொடு ஒப்பிட்டுக் குவியமானியில் வைத்துக் காட்டுமாறு கேட்பது அணிபவரின் உரிமை என்னும் உணர்வு பரவுதல் வேண்டும். ஏட்டுச் சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் முதுமையிலும் ஆராய்ந்த புலவர்கள் எவ்வகை வில்லைகளைப் பயன்படுத்தினர் என்பதை அவர்தம் எஞ்சிய மூக்குக் கண்ணாடிகளை அளந்தே அறியலாம். நினைவில்லங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ள அக்கண்ணாடிகளை அளந்து பதிவுசெய்தல் வாசிப்பு வரலாற்றுக்குப் புதிய தரவாக அமையும்.