சூழ்ச்சி

இன்று சூழ்ச்சி என்றால் சதி. பழந்தமிழில் அது ஆராய்ந்து எண்ணுதல். ‘சூழ்’ என்னும் வினைக்குச் சுற்றுதல், ஆலோசித்தல் என இரு பொருளும் உண்டு. அரசனுக்கு அறிவுரை சொல்வோரைத் திருக்குறள் ‘சூழ்வார்’ என்கிறது. அவனுக்குக் கண்ணே அவர்கள்தாம். சூழ்ச்சியின் முடிவு துணிவு, துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்று வினைசெயல்வகை அதிகாரம் தொடங்குகிறது. இவ்வளவு உயர்ந்த சொல்லை நாம் இழிபொருளுக்கு விட்டுக்கொடுத்தது வருத்தமே.

அரிஸ்டாட்டில், நிகோமாக்கிய அறவியலின் 6-ஆம் நூலில், மாறாத உண்மைகளை அறியும் ‘சோஃபியா’வையும், இன்னது செய்யத்தக்கது எனத் தெரியும் ‘ஃப்ரோனேசிஸ்’ஐயும் பிரித்துக் காட்டினார். நன்றாகச் சூழ்வது இரண்டாவதன் இலக்கணம்.

மதுரையில் இந்தப் பிளவு ஒரே பெயரில் நிற்கிறது. கல்வியைப் போற்றும் புறநானூற்றின் 183-ஆம் பாடல் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனுடையது. கோவலனைக் கொல்வித்த பாண்டியனையும் சிலப்பதிகாரம் அப்பெயராலேயே சுட்டுகிறது. தேவியின் ஊடல் தணிக்க விரைந்தவன், பொற்கொல்லன் சொல்லை நம்பி அங்கேயே ஆணையிட்டான். ஆராயாத மன்னன் என்று அவனை விளித்தே கண்ணகி அவையில் தன் வழக்கைத் தொடங்குகிறாள்.