மரத்த தோலும் செயற்கைத் தோலும்

சூடான காப்பித் தம்ளரைக் கையில் எடுக்கிறோம். அதன் சூட்டையும் விரல்களின் அழுத்தத்தையும் தோல் ஒரே கணத்தில் உணர்த்திவிடுகிறது. ஆதலால் தம்ளர் நழுவுவதுமில்லை, கை வெந்துபோவதுமில்லை. இவ்வாற்றலின் அருமை, அதனை இழந்தவரைக் கண்டால்தான் நமக்குப் புலப்படும்.

பம்பாய் மாநகரில் அத்தகையோர் பலர் இருந்தனர். 1890 ஆம் ஆண்டில், நகராட்சி ஆணையர் அக்வொர்த் என்பாரின் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளர்க்கென மாட்டுங்காவில் ஓர் இல்லம் எழுந்தது. 1976 இல் தோன்றிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தாரோ, தாராவிக் குடிசைகளுக்கே சென்று நோயைத் தேடினர். வெந்நீர் நிறைந்த கண்ணாடிக் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் தேமலின்மீது மாறி மாறி வைத்து, "எது சூடு?" என்று வினவுவது இந்நோயை அறியும் பழைய முறைகளுள் ஒன்று. வெப்பத்தை அறியும் உணர்வே பெரும்பாலும் முதலில் மறைகிறது. பின்னர்த் தொடுவுணர்வும் வலியும் போய்விடும். அதன்பின் அடுப்புப் பாத்திரம் கையைச் சுட்டாலும் தெரியாது. காலில் ஆணி தைத்தாலும் தெரியாது.

நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 1914 இல் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், உணராது பட்ட காயங்களே பெரும்பாலும் விரல்களை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். 1966 இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற அவர், செயற்கையாக வலியைப் படைக்கவும் துணிந்தார். கையிலும் காலிலும் சிறு உணர்கருவிகளைப் பொருத்தினார். அழுத்தம் மிகுந்தால் காதில் ஒலி எழும். அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஒலிக்கு மாற்றாக மின்னதிர்ச்சி வைத்தார்; அவர்களோ அதனை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தனர்! கருவிகளும் விலை மிக்கவை, விரைவில் பழுதாகுபவை. முயற்சி கைவிடப்பட்டது.

வளைந்து கொடுக்கும் கருவி பின்னரே வந்தது. 2005 இல் தோக்கியோவில் சோமேயா குழுவினர், மெல்லிய பிளாஸ்டிக் வலைகளில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே அளந்தனர். இரண்டையும் ஒரே பொருளால் அளப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இழுத்தாலும் மின்தடை மாறும், சூடேறினாலும் மாறும். மாற்றம் எதனால் வந்தது என்று எவ்வாறு அறிவது? நம் தோலும் இதில் சில வேளை ஏமாறுவதுண்டு: நெற்றியில் வைத்த குளிர்ந்த நாணயம், இளஞ்சூடான நாணயத்தைவிடக் கனமாகத் தோன்றும் என்று வேபர் என்னும் செருமானிய அறிஞர் 19 ஆம் நூற்றாண்டிலேயே கண்டார்.

2020 இல் கொரிய, அமெரிக்க அறிஞர்கள் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டனர். அயனிகள் இயங்கும் மென்படலம் ஒன்றில், மின்னேற்றம் தளர்ந்து நிலைபெறும் காலம், படலம் நீண்டாலும் மாறுவதில்லை, வெப்பத்திற்கேற்பவே மாறும். அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டு, மின்தேக்கும் திறனிலிருந்து அதன் பங்கைக் கழித்தால் இழுவிசையின் அளவு கிடைக்கிறது. எளிய, அழகிய வழி இது.

ஆயினும் அச்செய்தியை நரம்பு மரத்தவர்க்குச் சேர்ப்பது வேறு வேலை. 1981 இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து நோய்க்கிருமியைக் கொன்றுவிடுகிறது. நெடுநாள் சிதைந்த நரம்போ பெரும்பாலும் மீள்வதில்லை. அத்தகையோர் நோய் நீங்கிய பின்னும், நாள்தோறும் தம் உள்ளங்கால்களைக் கண்ணால் பார்த்தே காயம் உண்டா என்று தெரிந்துகொள்கின்றனர்.