நிக்கொடிமஸ், கேன்சஸ்

நிக்கொடிமஸ் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், பெரும்பாலும் கென்டக்கியிலிருந்து வந்து, 1877இல் இங்குக் குடியேறினர். விளம்பரத் தாள்கள் சொன்ன செழிப்பு அங்கே இல்லை. மரமே அரிதான புல்வெளியில் நிலத்தைக் குடைந்து வாழ்ந்தனர். முதற் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் தந்த உணவால் பிழைத்ததாக ஊரார் வழிவழியாகச் சொல்கின்றனர்.

1880களில் வங்கி, விடுதிகள், செய்தித்தாள்கள் என ஊர் தழைத்தது. ஆனால் 1888இல் இருப்புப்பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே சில மைல் தள்ளிப் போயிற்று. வணிகர்கள் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு போக் என்ற புதிய ஊருக்குச் சென்றனர். ஊர் தேய்ந்ததற்கு இதையே முதற் காரணமாகக் கொள்ளலாம்.

1996இல் இது தேசிய வரலாற்றுத் தலமானது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 14. ஆயினும் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் வழித்தோன்றல்கள் இங்கு வந்து கூடுகின்றனர்.