வழி தெரிந்தவரை அனுப்பிவிட்ட கதை: கனடாவின் டெம்ப்ஸ்டர் பாதை

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஜூன் மாதம் பிறந்ததும் கனடாவில் பலர் கணவனும் மனைவியுமாக வடக்கு நோக்கிப் புறப்படுவார்கள். வாகனத்தில் கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கலன், மேலதிகமாக இரண்டு டயர். அவர்களில் துணிந்தவர்கள் போய்ச் சேரும் இடம் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. யூகோன் பிரதேசத்தின் டோசன் நகருக்கு அருகில் தொடங்கி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, இனுவிக் என்ற சிறு நகர் வரை செல்லும் சுமார் 740 கிலோமீற்றர் சரளைக்கல் பாதை அது.

அந்தப் பாதை முடியும் நகரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அதைப் பற்றி நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் பாதையின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் அதில்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் இன்றைய பயணம் எப்படி என்று பார்ப்போம்.

பாதை தொடங்கும் சந்தியில் இருந்து ஈகிள் பிளேன்ஸ் என்ற இடம் வரை 369 கிலோமீற்றர். இடையில் பெற்றோல் கிடையாது. கடை கிடையாது. சரளைக் கற்களின் கூர் டயரைக் கிழித்துவிடும். அதனால்தான் இரண்டு மேலதிக டயர். சந்தியில் இருந்து 70 கிலோமீற்றர் அளவில் டூம்ஸ்டோன் மலைகளின் நடுவே ஒரு முகாமிடும் இடம் இருக்கிறது. பெரும்பாலான தம்பதியர் முதல் இரவைக் கழிப்பது அங்கேதான். கரடிகள் நடமாடும் இடம் என்பதால் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. ஈகிள் பிளேன்ஸைத் தாண்டி இன்னும் 36 கிலோமீற்றர் போனால் ஆர்க்டிக் வட்டம். அங்கே எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். அதற்கு அப்பால் கோடையில் சில வாரங்களுக்குச் சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் கூடாரத்துக்குள் வெளிச்சம்தான்.

பீல், மெக்கென்சி ஆகிய இரண்டு ஆறுகளுக்குப் பாலம் இல்லை. கோடையில் படகுப் பாதை. கடும் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வாகனம் ஓடும். ஆறு உறையத் தொடங்கும் காலத்திலும் பனி உடையும் காலத்திலும் எந்த வாகனமும் கடக்க முடியாது. எவ்வளவு அவசரம் என்றாலும் கரையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். டெம்ப்ஸ்டர் யார்?

1910 ஆம் ஆண்டு. அந்தக் காலத்தில் வடமேற்குக் குதிரைப் பொலிஸ் படையினர் குளிர்காலத்தில் டோசனுக்கும் போர்ட் மெக்பெர்சன் என்ற ஊருக்கும் இடையே நாய்கள் பூட்டிய சறுக்கு வண்டிகளில் ரோந்து போவார்கள். தபாலும் அவர்களோடுதான் போகும். அந்த வருடம் ரோந்துக்குத் தலைமை தாங்கியவர் இன்ஸ்பெக்டர் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட். அவர் புதியவர் அல்ல. 1903 இல் அந்த ஆர்க்டிக் கரையோரத்தில் முதல் பொலிஸ் நிலையங்களை அமைத்தவரே அவர்தான். அடுத்த வருடம் லண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. அன்றைக்கு நம் நாட்டுக்கும் அவர்தான் மன்னர். விழாவுக்குச் செல்லும் குழுவில் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஒருவர். ஆகவே டோசனுக்கு விரைந்து போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

டிசம்பர் 21 அன்று நான்கு பேர் புறப்பட்டார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட், கினி, டெய்லர் ஆகியோருடன், வழிகாட்டியாக முன்னாள் பொலிஸ்காரர் கார்ட்டர். பதினைந்து நாய்கள், மூன்று வண்டிகள். வேகமாகப் போவதற்காக உணவின் அளவைக் குறைத்துக்கொண்டார்கள். கார்ட்டர் அந்த வழியில் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தார். அதுவும் நான்கு வருடங்களுக்கு முன்பு, எதிர்த்திசையில்.

வழியில் குவிச்சின் மக்களின் முகாம் ஒன்றைச் சந்தித்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மலைகளிலும் ஆறுகளிலும் வாழும் ஆதிக்குடிகள் அவர்கள். அவர்களில் ஈசோ ஜோர்ஜ் என்பவர் சில நாட்கள் வழி காட்டினார். அவர் கூட இருந்தவரை சிக்கல் இல்லை. 1911 ஜனவரி 1 ஆம் திகதி, இனி எங்களுக்கு வழி தெரியும் என்று எண்ணி, ஃபிட்ஸ்ஜெரால்ட் அவருக்குரிய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு நடந்தது அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. திரும்ப வேண்டிய ஓடையைக் கார்ட்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மைனஸ் 50 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கிய குளிரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடைகளுக்குள் போய்த் தேடித் திரும்பினார்கள். ஒரு வாரம் அப்படியே போயிற்று. கார்ட்டரின் சொல்லை நம்பியிருக்கக் கூடாது என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதினார். ஜனவரி 18 இல் வந்த வழியே திரும்பினார்கள். உணவு முடிந்தது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று சாப்பிட்டார்கள். கினியும் டெய்லரும் போர்ட் மெக்பெர்சனுக்கு சுமார் 56 கிலோமீற்றர் தூரத்தில் இறந்தார்கள். கார்ட்டரும் ஃபிட்ஸ்ஜெரால்டும் இறந்த இடத்தில் இருந்து ஊருக்கு சுமார் 40 கிலோமீற்றர்தான். தன்னிடம் இருந்ததெல்லாம் தாய்க்கு என்று கரிந்த குச்சியால் ஒரு தாளில் மரண சாசனம் எழுதி வைத்திருந்தார் ஃபிட்ஸ்ஜெரால்ட்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பெப்ரவரி மாதம் குவிச்சின் மக்கள் சிலர் டோசனுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே ஈசோ ஜோர்ஜ். ரோந்துக்காரர்களைப் புதுவருடத்தன்று பிரிந்ததாக அவர் சொன்ன பிறகுதான் ஏதோ நடந்துவிட்டது என்று டோசனில் உணர்ந்தார்கள். அனுப்பிவிடப்பட்ட வழிகாட்டி பத்திரமாக டோசனை அடைந்தார். அனுப்பியவர்கள் அடையவில்லை.

பெப்ரவரி 28 இல் தேடுதல் குழு ஒன்று டோசனில் இருந்து புறப்பட்டது. தலைமை தாங்கியவர் கோப்ரல் டெம்ப்ஸ்டர். அவர் குவிச்சின் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். பெயர் சார்லி ஸ்டுவர்ட். மார்ச் 21, 22 ஆம் திகதிகளில் நால்வரின் உடல்களையும் கண்டெடுத்தார்கள். அவர்கள் போர்ட் மெக்பெர்சனில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இன்றும் அந்தப் பாதையில் போகிறவர்கள் அந்தக் கல்லறையைப் பார்க்கலாம். அதன் பிறகு வழி நெடுகக் குடிசைகள் கட்டப்பட்டன, உணவு சேமித்து வைக்கப்பட்டது, வழிக்கு அடையாளங்கள் இடப்பட்டன.

நெடுஞ்சாலைக்கு டெம்ப்ஸ்டரின் பெயர் வைக்கப்பட்டது. அவர் அதற்குத் தகுதியான மனிதர்தான். ஆனால் அவருக்கு வழி காட்டிய சார்லி ஸ்டுவர்டின் பெயரை அந்தப் பாதையில் போகும் எத்தனை பேர் அறிவார்கள்?

பாதை போடத் தொடங்கியது 1959 இல். பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசாங்கம் வடக்கில் எண்ணெய் இருக்கிறது என்று நம்பியது. நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம் போட்டதும் வேலை நின்றுவிட்டது. 1968 இல் அயலில் உள்ள அலாஸ்காவின் பிரூடோ விரிகுடாவில் பெரிய எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டதும் மீண்டும் அவசரம் வந்தது. 1979 ஓகஸ்ட் 18 இல் பாதை திறக்கப்பட்டது. இருபது வருட வேலை.

இவ்வளவு காலம் எடுத்ததற்கு மண்ணும் ஒரு காரணம். அங்கே நிலத்தின் அடியில் மண் எப்போதும் உறைந்தே இருக்கும். மேலே உள்ள பாசியையும் புல்லையும் வெட்டி அகற்றினால் வெயில் பட்டு உள்ளே இருக்கும் பனி உருகும். பாதை சேற்றில் புதைந்துவிடும். ஆகவே தோண்டாமல், உள்ள தரையின் மேலேயே ஒரு மீற்றருக்கும் மேல் உயரத்துக்குச் சரளையைக் கொட்டினார்கள். அந்தச் சரளை நிலத்துக்குப் போர்வை மாதிரி. குளிரைக் காப்பாற்றுவதற்காகப் போர்த்திய போர்வை! பூமி சூடாகி வருவதால் இன்றைக்கு அந்தப் போர்வையும் போதாமல் பல இடங்களில் பாதை அமிழ்கிறது.

அந்த மலைகளுக்கு ஊடாகப் பாதை எந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போக வேண்டும் என்று அளவையாளர்களுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜோ ஹென்றி. டோசன் பகுதியின் ஆதிக்குடிப் பெரியவர். பனியில் நடப்பதற்கான சப்பாத்துச் செய்வதில் கைதேர்ந்தவர். அவருடைய மனைவி ஆனி. 1921 இல் திருமணம் செய்து, 2002 இல் ஜோ இறக்கும் வரை எண்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். வேட்டைக்காகவும் மீனுக்காகவும் பருவத்துக்குப் பருவம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த நிலத்தில் நடந்தவர்கள்.

இன்று கோடையில் கூடாரத்தோடு போகும் தம்பதியர் விடுமுறைக்குப் போகிறார்கள். ஜோவும் ஆனியும் அங்கே கூடாரம் அடித்தது விடுமுறைக்காக அல்ல. அது அவர்களுடைய வீடு. வெளியில் இருந்து போகிறவர்களின் கண்ணுக்கு வெறும் காடாகத் தெரிகிற இடம், உள்ளே இருப்பவர்களுக்கு அடுக்களையும் முற்றமும்.

இந்த வித்தியாசம் ஒரு காலத்தில் கனடா முழுவதும் பேசப்பட்டது. 1970களில் அந்த ஆர்க்டிக் பகுதியில் இருந்து மெக்கென்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் போடப் பெரிய கம்பனிகள் திட்டமிட்டன. 1974 இல் அரசாங்கம் தோமஸ் பெர்ஜர் என்ற நீதிபதியை விசாரிக்க நியமித்தது. அவர் நகரத்து மண்டபத்தில் இருந்துகொண்டு நிபுணர்களை மட்டும் அழைக்கவில்லை. 35 ஊர்களுக்கு நேரில் போனார். போர்ட் மெக்பெர்சனுக்கும் போனார். ஏறக்குறைய ஆயிரம் பேர் சாட்சி சொன்னார்கள். வேடர்கள், மீனவர்கள், பாட்டிமார், இளைஞர்கள் என்று யாரும் தங்கள் தாய்மொழியில் பேசலாம். வானொலியில் அம்மக்களின் மொழிகளிலேயே செய்தி போயிற்று.

1977 இல் பெர்ஜரின் அறிக்கை வந்தது. வட யூகோன் ஊடாகக் குழாய் போடவே கூடாது. இரண்டு இலட்சத்துக்கு மேல் பெருகக் கூடிய கரிபூ மான் கூட்டத்தின் வாழிடம் அது. மெக்கென்சி பள்ளத்தாக்கில் பத்து வருடங்களுக்கு வேலை தொடங்கக் கூடாது. முதலில் மக்களின் காணி உரிமையைத் தீருங்கள் என்றது அறிக்கை. அரசாங்கம் கேட்டுக்கொண்டது. அந்தக் குழாய் இன்று வரை போடப்படவில்லை. குவிச்சின் மக்கள் 1992 இல் காணி ஒப்பந்தம் பெற்றார்கள்.

ஈசோ ஜோர்ஜை அனுப்பிவிட்டு அறுபது வருடங்களுக்கும் மேல் கழித்து, அதே மக்களிடம் ஒரு நீதிபதி வந்து, நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்று உட்கார்ந்தார். வரலாற்றில் இப்படி நடப்பது குறைவு. நடக்கும்போது அதன் பலன் பெரிது.

இனிப் பள்ளிவாசல். இனுவிக்கில் சூடான், லெபனான், எகிப்து போன்ற நாடுகளில் இருந்து தொழிலுக்காக வந்த சிறு தொகை முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். நீண்ட காலம் ஒரு சிறிய ட்ரெய்லர் அறையில்தான் தொழுதார்கள். அந்த ஊரில் கட்டடச் சாமான்களின் விலை மிக அதிகம். அதனால் 2010 இல் தெற்கே வினிபெக் நகரில் பள்ளிவாசலை முழுதாகக் கட்டி, லொறியில் ஏற்றினார்கள். வழியில் ஓரிடத்தில் கவிழப் பார்த்தது. ஹே ரிவர் என்ற இடத்தில் பாரப்படகில் ஏற்றி, ஆறு உறைவதற்கு முன் மெக்கென்சி வழியாக வடக்கே கொண்டு வந்தார்கள். மொத்தம் சுமார் 4,000 கிலோமீற்றர். செப்டம்பரில் வந்து சேர்ந்து, நவம்பரில் திறக்கப்பட்டது. சூரியன் மறையாத நாட்களில் மஃரிபுக்கும் நோன்பு திறப்பதற்கும் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தெற்கே உள்ள எட்மன்டன் நகரின் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள்.

அந்தப் பள்ளிவாசலோடு சேர்த்து ஓர் உணவு வங்கியும் நடக்கிறது. முஸ்லிம்களுக்கு மட்டும் அல்ல, ஊரில் தேவைப்படும் எவருக்கும். அதில் பயன்பெறுகிறவர்களில் பலர் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். பின்னால் வந்தவர்கள், முன்னால் இருந்தவர்களோடு எப்படி வாழ வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல முறை.

2017 நவம்பரில் இனுவிக்கில் இருந்து துக்தொயாக்துக் வரை புதிய பாதையும் திறந்துவிட்டார்கள். இப்போது தம்பதியர் கூடாரத்தை ஆர்க்டிக் சமுத்திரத்தின் கரையிலேயே அடிக்கலாம். கனடாவில் இருக்கும் நம்மவர்களும் போகிறார்கள், போவார்கள். போகிறவர்கள் ஆர்க்டிக் வட்டத்தில் படம் எடுப்பதோடு நிற்காமல், போர்ட் மெக்பெர்சனில் இறங்கி அந்த நான்கு பேரின் கல்லறையையும் பாருங்கள். அந்த ஊர்ப் பெரியவர் யாரும் பேசக் கிடைத்தால் அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்குத் துணிவு குறைவில்லை, அனுபவமும் குறைவில்லை. வழி தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்திருக்கும் பொறுமைதான் குறைந்தது. மாணவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வது அதற்காகத்தான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊரிலும் வீதிகளுக்குப் பெயர்கள் இருக்கின்றன. அந்த வீதி வருவதற்கு முன் அது யாருடைய நடைபாதை, யார் காட்டிய வழி என்று வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்ததைக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.