குடும்பத்தை மையப்படுத்திய ஆரம்பகால இடையீடு

பிறந்த நாள் முதல் ஏறக்குறைய 6 வயது வரை, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கும் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கும் தரப்படும் பயிற்சி, சிகிச்சை, ஆதரவு ஆகியவற்றை ஆரம்பகால இடையீடு என்கிறார்கள். குழந்தைக்கு எது முதலில் தேவை என்பதைப் பெற்றோரும் வல்லுநர்களும் சேர்ந்து முடிவுசெய்து, பயிற்சியை வீட்டின் அன்றாட வேலைகளுக்குள் கொண்டுவந்தால் அது குடும்பத்தை மையப்படுத்திய இடையீடு ஆகிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், செவித்திறன் குறைபாடு, பேச்சுத் தாமதம் எனப் பல நிலைகளுக்கும் இது பொருந்தும்.

இதன் அடிப்படை எளிய கணக்கு. தெரபி மையத்தில் குழந்தைக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கிடைக்கும். குழந்தை விழித்திருக்கும் நேரமோ வாரத்துக்கு ஏறத்தாழ 80 மணி. மூளையின் நரம்பு இணைப்புகள் வேகமாக உருவாகும் வயதில் அந்த 80 மணி நேரமும் குழந்தை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள்தான் அதன் முதல் ஆசிரியர்கள்.

இட்லி ஊட்டும் நேரத்தையே பார்க்கலாம். இரண்டு வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்குப் பசிக்குமுன்பே வாயில் ஊட்டிவிடுவதுதான் பாசமுள்ள வீடுகளின் வழக்கம். பேச்சுப் பயிற்சியாளர் அதில் ஒரு சிறு மாற்றம் சொல்வார். இட்லித் துண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "வேணுமா?" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை ஊட்டும் பாட்டி காத்திருக்க வேண்டும். குழந்தை கை நீட்டினாலும், பாட்டியின் முகத்தைப் பார்த்தாலும், "ம்" என்றாலும் அதைக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு, "தா" என்று சொல்லிக்காட்டிக் கொடுக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையென்றால், சுவர் மூலையில் இரு பக்கமும் சுருட்டிய போர்வை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைப்பதும், பிடி நழுவாமலிருக்கக் கரண்டியின் காம்பில் துணி சுற்றுவதும் பயிற்சிதான். தனி அறையோ விலையுயர்ந்த கருவியோ வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு மூன்று பாடவேளை ஆகிவிடுகிறது.

இந்த முறைக்குத் தெளிவான வடிவம் தந்த முன்னோடிகளில் ஒன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் தொடங்கிய திட்டம். வீடுகள் சிதறிக்கிடந்த கிராமப்புறம் அது. குழந்தைகளை ஒரே மையத்துக்குத் திரட்டுவது நடவாத காரியம். அதனால் ஆசிரியரே வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், வீட்டுக்குப் போனார். ஒரு திறனைச் செய்துகாட்டுவார். அதைத் தாயோ தந்தையோ செய்வதைப் பார்ப்பார். ஒரு வாரத்துக்கான பயிற்சித் தாளைத் தந்துவிட்டு வருவார். பிறப்பு முதல் 6 வயது வரையிலான 580 திறன்களின் பட்டியல் இத்திட்டத்தின் முதுகெலும்பு. 1970களிலேயே இது பிரிட்டனுக்கும் பரவியது.

1986இல் அமெரிக்கச் சட்டம், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான சேவையை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்பத் தனித்தனியாக எழுதப்படும் குடும்பச் சேவைத் திட்டத்தின்படி வகுக்கச் சொன்னது. திட்டத்தின் பெயரிலேயே குடும்பம் இடம்பெற்றது தற்செயல் அல்ல. உளவியலாளர் கார்ல் டன்ஸ்ட் போன்றோர் அக்காலத்தில் வற்புறுத்தியதும் அதுவே: குடும்பத்தின் குறைகளைத் தேடாமல், அதன் பலத்தின் மேல் கட்டுங்கள்.

தமிழகத்திலும் இதற்கு வேர் உண்டு. காது கேளாத குழந்தைகளுக்காக 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தைகளோடு பெற்றோரையும் வகுப்பில் உட்காரவைத்துப் பேச்சு வளர்க்கும் விதத்தைப் பழக்குகிறது. அறிவுசார் வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்குச் சென்னை மதுரம் நாராயணன் மையம் 'உபநயன்' என்ற பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. அங்கும் தாய் குழந்தையோடு வந்து கற்றுக்கொள்கிறார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் ராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கத்தில், ஊரளவிலான மறுவாழ்வுப் பணியாளர்கள் வீடுகளுக்கே செல்கிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைச் செயலியில் அவர்கள் பதிய, இயன்முறை மருத்துவர் உள்ளிட்ட வல்லுநர்கள் தொலைவிலிருந்து வழிகாட்டுகிறார்கள்.

குடும்பம் மையம் என்பதை, எல்லாச் சுமையும் தாய்க்கு என்று புரிந்துகொள்வது பெரிய பிழை. சமையல், மாமியார், மூத்த பிள்ளையின் பள்ளி எல்லாவற்றுக்கும் மேல் இருபது பயிற்சிகளை எழுதித் தந்தால் எந்தத் தாயும் துவண்டுபோவார். செய்ய முடியாத நாளில் குற்றவுணர்வும் சேரும். நல்ல பணியாளர் முதலில் பயிற்சியைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் எழுந்தது முதல் இந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது, எந்த நேரம் உங்களுக்குக் கடினம் என்று கேட்கிறார். குளிப்பாட்டும் நேரத்தைத் தந்தையிடமும், மாலை விளையாட்டை அக்காவிடமும் பிரித்துக்கொடுப்பதும், உதவித்தொகைக்கு வழிகாட்டுவதும், அதே நிலையிலுள்ள இன்னொரு தாயை அறிமுகப்படுத்துவதும் இடையீட்டின் பகுதிகளே.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற ஆறுதல் நம் வீடுகளில் பல மாதங்களை விழுங்கிவிடுகிறது. இன்றைய பரிசோதனைகளால் மூளை முடக்குவாதத்தைப் பல குழந்தைகளிடம் 6 மாதத்துக்குள்ளேயே கண்டறிய முடியும். செவித்திறனில் உலகளவில் ஏற்கப்பட்ட இலக்கு, 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் பயிற்சி.

4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் உட்காரவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கே பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. அங்கன்வாடிப் பணியாளரிடமோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் வழி சொல்வார்கள்.