பதற்ற நோய்க்கு மனச்சோர்வு மருந்துகள்

காரணத்துக்கு மிஞ்சிய கவலையும் அச்சமும் மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் நிலை பதற்ற நோய் எனப்படும். ஓயாத கவலையாக நிலைக்கும் பொதுப் பதற்ற நோய், திடீரென நெஞ்சு படபடத்து உயிரே போய்விடும் போலிருக்கும் பீதி நோய், நாலு பேர் முன் பேசவும் உண்ணவும் நடுங்கும் சமூக அச்ச நோய் ஆகியவை இதன் முக்கிய வகைகள். மாத்திரை தேவைப்படும்போது மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் மனச்சோர்வு மருந்துகளைத்தான். ‘எனக்கு மனச்சோர்வு இல்லையே, மாற்றி எழுதிவிட்டாரோ’ என்று குழம்புவோர் உண்டு. மாற்றி எழுதவில்லை.

சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் 1950களின் நடுவில் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டார். சில ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் அதைப் பீதி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாரங்கள் சென்றும் தங்களுக்கு ஒன்றும் குறையவில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். மாற்றத்தைக் கவனித்தது செவிலியர்தான்: ‘சாகப்போகிறேன்’ என்று நாளுக்குப் பலமுறை ஓடிவந்தவர்கள் இப்போது ஓடிவருவதில்லை. பீதி நின்றிருந்தது, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலை மட்டும் நிற்கவில்லை. கிளைனும் மாக்ஸ் ஃபிங்க்கும் 1962இல் இமிப்ரமின் குறித்த தங்கள் ஆய்வை வெளியிட்டனர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பீதி நோயைத் தனி நோயாக ஏற்றதில் கிளைனின் கண்டறிதலுக்குப் பெரும் பங்குண்டு.

இன்று இமிப்ரமினின் இடத்தில் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்செட்டின் முதலியவையும், வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் ஆகியவையும் இருக்கின்றன. நரம்பணுக்கள் வெளியிட்ட செரட்டோனினை அவையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பது இவற்றின் வேலை. தடுப்பு சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. பதற்றம் குறையவோ இரண்டு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. ஆகவே ‘மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை நிரப்புகிறது’ என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் போதாது.

நன்மை தீமைக் கணக்கைக் குழப்புவதும் இந்தக் கால இடைவெளிதான். பலன் வர வாரங்கள் ஆகும். பக்க விளைவு முதல் நாளே வரலாம். குமட்டல், தலைவலி, வயிற்றோட்டம் ஆகியவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கும். பதற்ற நோயாளிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: எந்தப் படபடப்புக்காக மாத்திரை போட்டார்களோ அதுவே தொடக்கத்தில் கூடலாம். தன் நெஞ்சுத் துடிப்பை எண்ணியே பழகிய ஒருவர் இந்தக் கட்டத்தில் மாத்திரையைத் தூக்கி எறிவதில் வியப்பில்லை. அதனால்தான் வழக்கமான அளவில் பாதியில், எஸ்சிட்டலோபிராம் என்றால் 5 மில்லிகிராமில், தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டுவது அரைகுறை வைத்தியம்.

லான்செட் இதழில் 2019இல் வந்த தொகுப்பாய்வு, பொதுப் பதற்ற நோய் குறித்த 89 சோதனைகளை, 25,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. டுலாக்செட்டின், வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம் மூன்றும் மருந்தில்லாத போலி மாத்திரையை விஞ்சின. நோயாளிகளும் அவற்றை ஓரளவு தாங்கிக்கொண்டார்கள். ஆனால் போலி மாத்திரை உண்டவர்களிலும் கணிசமானோர் தேறிவிடுவதால் மருந்தின் தனிப் பங்கு நடுத்தரமானதே. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேரிடம் நடந்து 2008இல் வெளிவந்த சோதனை இன்னும் தெளிவு தருகிறது. பன்னிரண்டு வாரங்களில் போலி மாத்திரையில் 24 விழுக்காட்டினரும், செர்ட்ராலினில் 55 விழுக்காட்டினரும், எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சுவழி திருத்தும் உளச்சிகிச்சையில் 60 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள். இரண்டும் சேர்ந்தபோது 81 விழுக்காடு. மருந்தா பேச்சா என்ற பழைய சண்டையை இந்த எண்கள் அர்த்தமற்றதாக்குகின்றன.

எல்லாப் பக்க விளைவுகளும் தாமாக அடங்குவதில்லை. பாலுறவு நாட்டம் குறைவதும் உச்சம் தாமதமாவதும் மருந்து உள்ளவரை நீடிக்கலாம். நம் ஊரில் இதை மருத்துவரிடம் சொல்லக் கூசுவோர் அதிகம். மருத்துவர்தான் கேட்டறிய வேண்டும். பராக்செட்டின் எடையைக் கூட்டக்கூடும். முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ஆகியவற்றோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு வாய்ப்புக் கூடும். ட்ரமடால் என்ற வலி மாத்திரையோடு சேர்ந்து செரட்டோனின் மிகுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இளையோருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் விதித்து, 2007இல் 24 வயதுவரை நீட்டித்தது. சிறாரிடம் நடந்த சோதனைகளில் அவ்வகை எண்ணமோ செயலோ மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு நால்வரிடமும், போலி மாத்திரை உண்டவர்களில் இருவரிடமும் காணப்பட்டது; தற்கொலைச் சாவு எதுவும் நிகழவில்லை. முதல் வாரங்களில் வீட்டார் கவனம் தேவை.

அல்பிரசோலம், குளோனசெபாம் ஆகிய அமைதியூட்டி மாத்திரைகளின் கணக்கு நேர்மாறானது. அமைதி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தொல்லை பிறகு வரும், விட முடியாத பழக்கமாக. நீண்ட நாள் சிகிச்சைக்கு மனச்சோர்வு மருந்தே மேல். ஆனால் லேசான பதற்றத்துக்கு எந்த மாத்திரையும் முதல் தேர்வாக வேண்டியதில்லை. எட்டு வார மனக்கவனத் தியானப் பயிற்சி எஸ்சிட்டலோபிராமுக்குச் சளைத்ததல்ல என்று 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வேலைக்குப் போக முடியாமல், வீட்டைவிட்டு வெளியேற முடியாமல் முடங்கியவர்களின் நிலை வேறு; உளச்சிகிச்சையாளர் எட்டாத ஊர்களிலும் மருந்தின் பக்கம் தட்டு சாய்வது நியாயமே.

தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் முதல் ஓராண்டு தொடர்வது வழக்கம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2017இல் வந்த தொகுப்பாய்வின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் நிறுத்தியவர்களில் 36 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் மின்னதிர்ச்சி போன்ற உணர்வும் வரலாம். பராக்செட்டினிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம். ஓரிரு நாளில் தொடங்கும் இத்தொல்லை மருந்து விலகுவதன் அறிகுறி. வாரங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டுவது பெரும்பாலும் நோய். மாத்திரையை நிறுத்த விரும்புவோர் மருத்துவரிடம் சொல்லி, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அளவைப் படிப்படியாகக் குறைக்கட்டும். கடைசிச் சிறு அளவுகளில் இன்னும் மெதுவாக.